ஒன்பதாம் நாள் கேள்வி

முப்பது நாளில் ஓர் உலகம் செய்ய வேண்டும்.
நாளுக்கொரு கேள்வி,
நள்ளிரவுக்குள் முந்நூறு சொல்.
பெயர் கொடுத்துவிட்டேன்:
ரோஸ்லின் ஜெபக்கனி, வயது இருபத்தொன்பது,
பகலில் வீடுகளுக்கு எண் போடுபவள்.

உங்கள் வானத்தில் என்ன இருக்கிறது?
மான்குர்தில் ஏறி
ஜி.டி.பி. நகரில் இறங்குவதற்குள்
இரண்டு நிலவு வைத்தேன்.
ஒன்று கடன் வாங்கி ஒளிர்வது,
மற்றது வட்டி கேட்டுப் பின்னாலேயே வருவது.
விலாவில் யாருடைய முழங்கையோ.
என் கட்டைவிரல் மட்டும்
ஒரு மலைத்தொடரை எழுப்பிக்கொண்டிருந்தது.

கடல் கேட்டபோது
உப்பில்லாத கடல் கொடுத்தேன்.
குழாயில் காலை ஐந்தரைக்கு வந்து
ஆறேகாலுக்குப் போய்விடும் தண்ணீர்.
வேறென்ன கொடுப்பது?

மந்திரத்துக்கு விலை உண்டா என்றார்கள். உண்டு.
என் நாட்டில் ஒரு கதவைத் திறக்கும் சொல்லைச் சொன்னால்
சொன்னவருக்கு ஒரு பெயர் மறந்துபோகும்.
இது எனக்கே பிடித்திருந்தது.
கூடவே பந்தயத்தில் இறங்கிய தன்வி சாவந்த்
பறக்கும் எருமைகள் வைத்திருக்கிறாள்.
கொஞ்சம் பொறாமைதான்.

ஏழாம் நாள் வரைபடம்.
கேஸ் சிலிண்டர்மேல் பலகை போட்டு
தலைநகரைச் சுற்றி ஒரு மதில் வரைந்தேன்.
எதற்கென்று யோசிக்கவில்லை.
வட்டமாக வந்தது, அழகாக இருந்தது,
அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள்:
உங்கள் மதிலுக்கு வெளியே யார் இருக்கிறார்கள்?

அன்று பகல்
டேப்பும் டேப்லெட்டும் பெயின்ட் டப்பாவுமாகச் சந்துக்குள் போனோம்.
தமிழ் பேசுகிற பிள்ளை என்று
என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள்.
பதினொன்றுக்கு ஒன்பதடி.
கதவில் சிவப்பாக நானூற்றுப் பன்னிரண்டு.
வெளியே சாத்தியிருந்த இரும்பேணியில்
ஈரக்கையோடு இறங்கி வந்தாள் மாடத்தி.
"மேல நாங்க இருக்கோம், இருபத்திரண்டு வருசமா.
எங்களுக்கு நம்பர்?"
படிவத்தில் 'மேல்' என்று ஒரு கட்டம் இல்லை என்றேன்.
"அப்போ நாங்க எங்க இருக்கோம்?"
கோபம்கூட இல்லை.
பஸ் நிறுத்தம் விசாரிப்பவள் மாதிரிக் கேட்டாள்.
பிரஷ் என் செருப்பில் சொட்டியது.

இரவு
மதிலுக்கு வெளியே முதலில் ஓநாய்கள் எழுதினேன்.
அடித்தேன்.
நீலக்கண் நாடோடிகள். அடித்தேன்.
சாபம் வாங்கிய குலம் என்று எழுதி
சபித்தது யார் என்று தேடினால்
பென்சில் என் கையில் இருக்கிறது.
மணி பதினொன்று நாற்பது. சொற்கள் பூஜ்யம்.

மதிலை அழித்துவிடட்டுமா என்று தன்விக்குப் போன் போட்டேன்.
தூக்கக் குரலில் இந்தியில் சொன்னாள்:
விதியைப் படிக்கவில்லையா,
வரைந்ததை மாற்றக் கூடாது,
அதன்மேல்தான் கட்ட வேண்டும்.

அதன்மேல்.

மதிலின்மேல் ஒரு ஜனத்தைக் குடிவைத்தேன்.
உள்ளும் இல்லை, வெளியும் இல்லை.
இரண்டு பக்கமும் துணி காயும்.
இரண்டு நிலவும் முதலில் அவர்கள் தட்டில்தான் விழும்.
கீழே காவலன் கதவைத் திறக்கும்போதெல்லாம்
அவனுக்கு மறந்துபோகும் பெயர்
மேலே இருக்கிற யாரோ ஒருவருடையது.
ஆயிரம் வருடமாகத் திறக்கிறான்.
யாரையும் விரட்டியதாக அவனுக்கு நினைவில்லை.
முந்நூற்று நாற்பது சொல்.

பதினாறாம் நாள் மழை.
தண்டவாளம் மூழ்கி, போன் செத்து,
குர்லா பிளாட்பாரத்தில் விடிந்தது.
ஒருநாள் தவறினால் ஆட்டத்தில் இல்லை, அதுவும் விதி.
தன்வியின் எருமைகள் இன்னும் பறக்கின்றன.
நான் கணக்கில் இல்லாமலே எழுதினேன்,
இருபத்தொன்று, இருபத்தாறு,
அவர்களுடைய ஊறுகாய், கெட்ட வார்த்தைகள்,
தூக்கத்தில் புரளாமல் இருக்கக்
குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் கணக்கு.
கடைசி நாள் வரைபடத்துக்கு அளவுகோல் கேட்டார்கள்.
ஓர் அங்குலத்துக்கு எத்தனை காதம்?
ஏணிப்படி பதின்மூன்று என்று போட்டேன்.

அந்தச் சந்தில் வேலை இன்னும் முடியவில்லை.
மாடத்தி இரண்டு தடவை கேட்டுவிட்டாள்,
நம்பர் வந்திச்சா என்று.
என் நாட்டில் எப்போதோ வந்துவிட்டது என்பதை
எந்த முகத்தோடு சொல்ல?
டேப்பைச் சுருட்டிக்கொண்டு
அடுத்த கதவுக்குப் போனேன்.